வண்டி வாகனம்: குவாட் பைக்குக்கு டிரெய்லர்... ஏற்ற இடம் இருந்தால் போதுமா?

குண்டு குண்டாக நான்கு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், பார்த்தாலே ஏறி ஓட்டத் தோன்றும் வண்டி. கடற்கரை ரிசார்ட் மணலில் காசு கட்டி ஒரு ரவுண்டு போயிருப்பீர்கள். அதுதான் குவாட் பைக். நமக்கு அது விடுமுறை விளையாட்டு. ஆஸ்திரேலியாவில் அது தினமும் உழைக்கிற வண்டி. வேலி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆட்டு மந்தையைத் திருப்ப, களைக்கு மருந்தடிக்க என்று பண்ணைக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆனால், அதைச் சாதாரண பைக் போலப் பதிவுசெய்து பொதுச் சாலையில் ஓட்டிப் போக அங்கே அனுமதி இல்லை. சில மாநிலங்களில் நிபந்தனைகளோடு ஒரு பதிவு கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நிலம் இருந்தால், குவாட் பைக்கை ஏதாவது ஒன்றில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 'யூட்' என்று அவர்கள் அழைக்கும் பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றுகிறவர்களும் உண்டு. அது உயரம். டிரெய்லர் தாழ்வு. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே டிரெய்லர் வாங்கலாம். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "என் வண்டி இதில் அடங்குமா?" என்றுதான். இதற்குப் பதில் சுலபம். அங்கே டிரெய்லர்களை இன்னமும் அடிக் கணக்கில்தான் சொல்கிறார்கள். 6-க்கு 4 என்பது வீட்டுக் குப்பை ஏற்றும் சாதாரண டிரெய்லர். அதாவது 1.83 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலம். பண்ணை குவாட் பைக் சுமார் 2.1 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் இருக்கும். பின்கதவை மூட முடியாது, பக்கத்தில் விரல் நுழையவும் இடம் இருக்காது. 7-க்கு 5 வாங்கினால் மட்டுமட்டாக நிற்கும். 8-க்கு 5 என்றால் முன்னும் பின்னும் நகர்த்த ஒரு சாண் மிஞ்சும். அந்த ஒரு சாணுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

அடுத்தது எடை. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஆஸ்திரேலிய டிரெய்லரின் தகட்டில் 'ஏ.டி.எம்' என்று ஓர் எண் இருக்கும். பணம் எடுக்கிற சமாசாரம் இல்லை. டிரெய்லரும் அதன் சுமையும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதுதான் அது. பிரேக் இல்லாத சின்ன டிரெய்லர்களில் அது பெரும்பாலும் 750 கிலோ. காரணம், இணைத்த நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம் என்பது அந்நாட்டு விதி. 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் தப்பித்துக் கழன்றால் தானாகவே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

750 கிலோ தாராளம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8-க்கு 5 இரும்பு டிரெய்லர் வெறுமனே 280 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 470. பெட்ரோல் நிரப்பிய குவாட் பைக் 320 கிலோ. மீதி 150. அதன் பின்னால் பொருத்தியிருக்கும் மருந்துத் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் இருந்தால், தொட்டி, பம்ப் எடையோடு 110 கிலோ போய்விடும். மிச்சம் 40 கிலோ. ஏற்றி இறக்கும் ராம்ப், பெட்ரோல் கேன், டூல்ஸ் பெட்டி, ஒரு ஸ்டெப்னி... முடிந்தது. காலியாக வாங்கும்போது எந்த உறுத்தலும் தராத டிரெய்லர், வேலைநாளில் வரம்பைத் தாண்டி நிற்கும்.

எனவே, மருந்துத் தொட்டியோடு போகிறவர் பிரேக் உள்ள டிரெய்லரை வாங்குவதே நல்லது. விலை கூடத்தான் செய்யும். ஆனால் எல்லா பிரேக்கும் சிக்கலானது இல்லை. 'ஓவர்ரைடு' பிரேக் என்று ஒன்று உண்டு. முன்னால் போகும் வண்டி வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னே வந்து முட்டுமே, அந்த முட்டலே கேபிளை இழுத்து டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்துவிடும். காருக்குள் தனியாக எதுவும் மாட்ட வேண்டாம். பிரேக் இல்லாத டிரெய்லரே போதும் என்கிறவர், தொட்டியைக் காலி செய்துவிட்டுப் புறப்பட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளட்டும். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோதுவது எடையைவிடப் பெரிய தொல்லை.

கூடவே, இழுக்கிற வண்டியின் கையேட்டையும் ஒரு தடவை புரட்ட வேண்டும். பிரேக் உள்ள டிரெய்லர், பிரேக் இல்லாத டிரெய்லர் என்று இழுவை வரம்பு இரண்டு தனித்தனி எண்களாக இருக்கும். விளம்பரத்தில் வருவது பெரிய எண் மட்டும்தான்!

இப்போது அந்த ஒரு சாண் விஷயத்துக்கு வருவோம். டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, காரின் பின்னால் இருக்கும் டோ பால் மேல் அழுந்த வேண்டும். குவாட் பைக்கைப் பின்னால் தள்ளி நிறுத்தினால் டிரெய்லரின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி கடந்து போகும் காற்றுக்கே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஒருமுறை ஆரம்பித்தால், ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். கடைசியில் இழுக்கிற வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். அதிகமாக முன்னால் தள்ளினாலும் வம்பு. காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க வீட்டு பாத்ரூம் எடை மெஷினே போதும். சமதரையில் குவாட் பைக்கை ஏற்றி, டிரெய்லரின் இணைப்பு முனைக்குக் கீழே, கார் இழுக்கும்போது இருக்கும் அதே உயரத்தில், ஒரு மரக்கட்டையை எடை மெஷின் மேல் நிறுத்திப் பார்க்கலாம். மொத்தம் 600 கிலோ என்றால் 60 கிலோ சுமாருக்குக் காட்ட வேண்டும். சரியாக வந்ததும், முன்சக்கரம் நிற்கும் இடத்தில் தரையோடு ஒரு தடுப்புக்கட்டையைப் பற்றவைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

ஏற்றுவதுதான் உயிரோடு விளையாடும் கட்டம். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் நடக்கும் மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று குவாட் பைக் கவிழ்வது. அதனால்தான் 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கப்படும் புதிய பண்ணை குவாட் பைக்குகளில், கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் கம்பி அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. (மூடிய டிரெய்லர் வாங்குகிறவர்கள் இந்தக் கம்பியோடு சேர்த்து உயரத்தை அளக்க வேண்டும். பலருக்கு ஷெட் கதவில் இடித்த பிறகுதான் நினைவு வருகிறது.)

யூட் பின்தட்டு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் இருந்தால், 1.8 மீட்டர் ராம்ப் 30 டிகிரி சரிவில் நிற்கும். டிரெய்லர் தளம் 60 சென்டிமீட்டர் என்றால் அதே ராம்ப் 20 டிகிரிக்குள் படுத்துவிடும். 30 டிகிரியில் பின்னால் தொட்டியோடு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால், முன்சக்கரம் எழும்பி ஓட்டுபவர் மேலேயே வண்டி மல்லாக்க விழலாம். ராம்ப்பை டிரெய்லரோடு சங்கிலியிலோ பெல்ட்டிலோ கட்டாமல் ஏற்றுவது இன்னொரு ஆபத்து. சுழலும் சக்கரம் அதைப் பின்னால் உதைத்துத் தள்ளிவிடும்.

இதற்கெல்லாம் நல்ல மாற்று ஒன்று உண்டு. டிரெய்லரின் முன்பக்கம் ஒரு வின்ச் மாட்டி, மேலே ஆள் உட்காராமலேயே வண்டியை மெல்ல இழுத்து ஏற்றலாம். அலாய் வீல், ஸ்டிக்கர் என்று செலவு செய்கிற காசில் முதலில் இதை வாங்கலாம். எப்படி ஏற்றினாலும், பின்னால் நின்று 'நான் பிடிச்சுக்கறேன்' என்று யாரும் உதவிக்கு வரக் கூடாது. குழந்தைகள் கண்டிப்பாக வேண்டாம்.

கட்டும் விஷயத்தில் ஆஸ்திரேலியாவின் சரக்குக் கட்டும் வழிகாட்டி தெளிவாக இருக்கிறது. முன்பக்கம் சுமையின் எடையில் 80 சதவிகித விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவிகித விசையையும் கட்டு தாங்க வேண்டும். 320 கிலோ வண்டி என்றால், சடன் பிரேக்கில் 256 கிலோ முன்னால் இழுப்பது போல. 'கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் பிடிச்சாச்சு' என்பது கட்டு ஆகாது. நான்கு மூலைக்கும் தாங்குதிறன் அச்சிட்ட ராட்செட் பெல்ட்கள் வேண்டும். ஆகவே, டிரெய்லரில் கொக்கி மாட்டும் வளையங்கள் சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா, வெறும் தகட்டில் போல்ட் போட்டிருக்கிறார்களா என்பதை வாங்கும்போதே குனிந்து பார்க்க வேண்டும்.

தளம் விஷயத்தில் கடைக்காரர்கள் கம்பிவலையைப் புகழ்வார்கள். எடை குறைவு, கழுவவும் சுலபம். ஆனால் சேறும் விதையும் வழியெல்லாம் உதிரும். நம் ஊர்க் காடு கழனிகளைப் பாடாய்ப்படுத்தும் பார்த்தீனியம், குயின்ஸ்லாந்திலும் பண்ணைக்காரர்களின் தலைவலி. ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்கு வண்டி டயரில் ஒட்டியே அது பரவுகிறது. அதனால் தகட்டுத் தளம் நல்லது. அதைவிட, ஏற்றுவதற்கு முன்பே குவாட் பைக்கைக் கழுவிவிடுவது நல்லது.

பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்காமல் டயர் தயாரான வருடத்தைப் பாருங்கள். அதிகம் ஓடாத டிரெய்லரில் பட்டன் தேயாது, ரப்பர் வெடித்திருக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பேரிங் சத்தம் கேட்கும். வாங்கி முதல் தடவை சுமையோடு புறப்பட்டதும், 15 கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்துங்கள். பெல்ட்களை ஒரு முறை இறுக்கிவிட்டு, வீல் ஹப் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால், அன்றைய பயணம் மெக்கானிக் கடை வரைதான்.