மாணவர்க்கும் ஓர் இருக்கை



நான் பணியாற்றும் பள்ளியில் சென்ற ஆண்டு, பள்ளி முடிந்த பின் நாற்பது நிமிடம் தமிழ் வகுப்பு நடைபெறும் என்று நானே நேரம் குறித்தேன். முதல் மாதம் அனைவரும் வந்தனர். இரண்டாம் மாதத்தில் பாதி இருக்கைகள் வெறுமையாயின. பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆர்வம் குன்றிவிட்டது என்று எண்ணினேன். பெற்றோர்க்குச் சற்றுக் கடுமையாகவே கடிதமும் எழுதினேன். பிறகு ஒரு நாள், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கியபடி கூறினாள்: "ஐயா, எங்கள் குடியிருப்புக்குப் போகும் கடைசிப் பேருந்து, பள்ளி விட்ட கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிடும்." (பிற வகுப்புகளில் 'சார்' என்று அழைக்கும் இவர்கள், தமிழ் வகுப்பில் மட்டும் 'ஐயா' என்பார்கள்.)

பேருந்து எப்போது புறப்படும் என்பது எனக்குத் தெரியாது. வகுப்பில் அமர்ந்திருந்த அனைவருக்கும் தெரியும். ஆயினும் முடிவெடுத்தவன் நான். அவர்களை ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒரு வகுப்பின் நேரத்திலேயே இவ்வளவு பிழை நேருமாயின், பாடத்திட்டம், தேர்வு முறை, மொழிக் கொள்கை ஆகியவற்றைப் படிப்பவர்களைக் கேளாமலே வகுத்தால் எத்தனை பிழைகள் நேரும் என்று அன்று எண்ணத் தொடங்கினேன்.

குழந்தைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது புதிய சிந்தனையன்று. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் செயல்களில் கருத்துரைக்கும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 1992-இல் இந்தியா இதனை ஏற்றது.

நம் நாட்டின் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டது. அதன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். எஞ்சிய ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர், ஆசிரியர், மூன்றாவதாக 'உள்ளூர்க் கல்வியாளர் அல்லது பள்ளிக் குழந்தைகள்' என 2010-ஆம் ஆண்டின் விதிகள் பகிர்ந்தளிக்கின்றன. பன்னிருவர் கொண்ட குழுவாயின், மாணவர்க்குக் கிடைக்கக்கூடியது ஓர் இருக்கை. அதுவும் உறுதியானதன்று, நடுவே 'அல்லது' என்னும் சொல் நிற்கிறது. அந்த இருக்கையில் யாரை அமர்த்துவது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர். கற்றறிந்த பெரியவர் ஒருவரும் பதின்மூன்று வயதுச் சிறுமியும் வாயிலில் நின்றால், யாரை உள்ளே அழைப்போம்? அந்தச் சொல்லை நீக்கி, மாணவர்க்கென்றே ஓர் இருக்கையை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

"நம் பள்ளிகளில் மாணவர் தலைவர்கள் இருக்கிறார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். சிவாஜி, தாகூர், அசோகர், இராமன் ஆகிய இல்லங்களுக்குத் தலைவர்கள் உண்டு. பதவியேற்பு விழாவில் பட்டையும் முத்திரையும் அணிகின்றனர். பின்னர் காலை வழிபாட்டில் வரிசையைச் சீர்செய்கின்றனர். அது பயனுள்ள பணிதான். ஆனால், ஆசிரியரின் சொல்லை மாணவரிடம் கொண்டு சேர்ப்பது வேறு. மாணவரின் சொல்லை ஆசிரியரிடம் கொண்டு சேர்ப்பது வேறு.

பின்னதைச் செய்து காட்டிய ஓர் இடம் இராஜஸ்தானில் உள்ளது. அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவைச் சூழ்ந்த சிற்றூர்களில், பகலில் ஆடு மாடு மேய்க்கும் சிறுவர் சிறுமியர்க்காக இரவுப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. 1990-களில் அப்பிள்ளைகளுக்கென ஒரு நாடாளுமன்றம் உருவாயிற்று. 6 முதல் 14 வயது வரையிலானோர் வாக்களித்தனர். ஆடு மேய்க்கும் சிறுமியும் தலைமை அமைச்சரானாள். ஆசிரியர் தவறாமல் வருகிறாரா, விளக்கு எரிகிறதா, குடிநீர் உண்டா என்று சிறுவர் அமைச்சர்கள் பார்வையிட்டனர். குறை கண்டால், பள்ளிகளை நடத்திய பெரியவர்கள் அவர்களுக்கு விடை கூற வேண்டியிருந்தது. அம்மன்றத்தின் உயிர் இங்கேதான் உள்ளது. விடை பெறும் உரிமையில்லாத மாணவர் மன்றம் வெறும் மேடை நாடகமே.

மாணவர் மன்றம் அமைந்தால் அரசியல் பள்ளிக்குள் புகும் என்று சிலர் அஞ்சுகின்றனர். 18 வயதில் வாக்களிக்கப் போகிறவர், அதற்கு முன் ஒரு முறையேனும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் கணக்குக் கேட்டுப் பழகுவதில் எனக்கு அச்சமில்லை. என் கவலை வேறு. சரளமாக இந்தியும் ஆங்கிலமும் பேசுவோரும் முதல் மதிப்பெண் பெறுவோருமே மன்றத்தை நிரப்பிவிடுவர். தந்தையின் பணிமாற்றத்தால் ஆண்டின் நடுவில் வந்து, கடைசி இருக்கையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு யார் வாக்களிப்பார்? ஆனால், மாநிலம் விட்டு மாநிலம் வந்து படிப்பதன் துன்பத்தை அப்பிள்ளையை விட நன்கறிந்த வல்லுநர் எவருமில்லை. ஆகவே, அவ்வாண்டில் புதிதாகச் சேர்ந்தோர்க்கு மன்றத்தில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். நான்கு மாநிலங்களில் பணியாற்றிவிட்ட எனக்கு இதில் சிறிது தன்னலமும் இருக்கலாம்.

இந்த ஆண்டு எங்கள் தமிழ் வகுப்பில் ஐவர் கொண்ட சிறு மன்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஐவருள் ஒருவர் புதிதாக வந்தவர். மன்றத்தின் கோரிக்கைகளுக்குப் பத்து நாளுக்குள் நான் எழுத்தில் விடையளிக்க வேண்டும் என்பது விதி. மூன்று கோரிக்கைகள் வந்தன. வகுப்பு நேரத்தை மாற்ற வேண்டும் என்பது முதலாவது. முதல்வரின் இசைவுடன் பள்ளி நேரத்துக்குள்ளேயே மாற்றினோம். இலக்கணத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது இரண்டாவது; இயலாது என்று காரணத்துடன் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் முகம் சுளித்தாலும், காரணத்தைப் படித்தார்கள்.

மூன்றாவது கோரிக்கையை எழுதியவள், பேருந்து நேரத்தைச் சொன்ன அதே மாணவி. "அடுத்த ஆண்டு அப்பாவுக்கு மாற்றல் வரும். அங்குள்ள பள்ளியில் தமிழ் படிக்க விரும்புவோர் போதிய எண்ணிக்கையில் இல்லையென்றால், எனக்கு வகுப்பு கிடையாதா?" அதற்கு விடை தரும் அதிகாரம் எனக்கில்லை, எங்கள் பள்ளிக்கும் இல்லை. அவள் கையெழுத்திலேயே அந்தத் தாளை மேலிடத்துக்கு அனுப்புமாறு முதல்வரை வேண்டியிருக்கிறேன். பத்து நாள் கடந்துவிட்டது. ஒவ்வொரு வகுப்பிலும் அவள் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.