மூன்றாமவர் செவி

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே தொழிலாளிக்கு வரும் கடிதம் நெடுங்காலமாகத் தோட்டக் காரியாலயத்துக்கே வந்துசேரும். லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லாமையே அதற்குக் காரணம். அந்நிலை இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. தமையன் எழுதிய கடிதமாயினும், திணைக்களம் அனுப்பிய கடிதமாயினும், பிறர் கை கடந்தே உரியவரை அடையும்; சில வேளைகளில் அடையாமலும் போகும். அந்தரங்கத்தின் அருமையை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கைத்தொலைபேசி வந்து அந்த மூன்றாமவரை அகற்றிவிட்டது என நாம் மகிழ்கிறோம். பலாங்கொடையில் கொழுந்தெடுக்கும் தாய், கொழும்பில் வேலைசெய்யும் மகளுடன் நேரே பேசுகிறாள். ஆயினும் மூன்றாமவர் இடம் மாறியிருக்கிறாரேயன்றி அகன்றாரில்லை. யார் யாரை அழைத்தார், எந்நேரம், எத்தனை நிமிடம், எந்தக் கோபுரத்தின் அருகிலிருந்து என்பன யாவும் தொலைபேசிக் கம்பெனியின் ஏட்டில் பதிவாகின்றன. பேச்சைக் கேளாமலே ஒருவருடைய உறவுகளையும் தொழிற்சங்கத் தொடர்புகளையும் நடமாட்டத்தையும் அவ்வேட்டிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

அரசாங்கம் அவ்வேட்டைக் கேட்டால் குறுக்கே நிற்பது எது? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், செய்திகளை இடைமறிப்பதைக் குற்றமென்கிறது. பொதுப் பாதுகாப்பின் பேரில் அமைச்சர் ஆணையிடவும் இடமளிக்கிறது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தேசிய பாதுகாப்புக்கு விதிவிலக்கு உண்டு.

குற்றமற்றவன் ஏன் அஞ்சவேண்டும் என்பார் உளர். 1983 யூலையில் கொழும்பிலே வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தித் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. அதிலே பெயர் இருந்தோர் செய்த குற்றம் யாது? வாக்களிப்பதற்காக எழுதப்பட்ட ஏடு வேறு கைக்குப் போயிற்று. 1977இலும் 1981இலும் தாக்குண்ட சப்பிரகமுவத் தோட்ட மக்களுக்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

நாட்டின் பாதுகாப்புக்குக் கண்காணிப்புத் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு முன்னரே எச்சரிக்கை கிடைத்திருந்தது. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதியும் உயரதிகாரிகளும் நட்டஈடு செலுத்தவேண்டுமென 2023 ஜனவரியில் எமது உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் கையிலிருந்தும் கடமை தவறியது. மேலும் ஏடுகளைக் குவிப்பதால் அக்குறை தீராது.

தொலைபேசி உரையாடல் அந்தரங்க உரிமையின் பாற்பட்டது என இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் கூறிற்று. ஒட்டுக்கேட்கும் ஆணைக்கு இரண்டு மாத எல்லையும் மீளாய்வுக் குழுவும் விதித்தது. நீதிபதியின் முன்னனுமதியை மட்டும் அது கட்டாயமாக்கவில்லை. நாம் அதனினும் ஒருபடி மேற்செல்லுதல் வேண்டும். நீதவானின் எழுத்தாணையின்றி எவருடைய ஏடும் திறக்கப்படலாகாது. ஆண்டுதோறும் எத்தனை ஆணைகள் வந்தன என்பதைக் கம்பெனிகள் வெளியிடவேண்டும். விசாரணை முடிந்தபின் உரியவருக்கு அறிவித்தலும் கடனாகும்.

குடியியற் கல்வி போதிக்கும் ஆசிரியர்கள் வாக்குரிமையைப் பற்றிக் கூறும்போது, வாக்குச் சீட்டு ஏன் இரகசியமாக இருக்கிறது என்பதையும் விளக்குகிறார்கள். பேச்சும் அவ்வாறே காக்கப்படத் தக்கது என்பதை மாணவர் உணரச் செய்வார்களாயின், நாளை இச்சட்டங்களைத் திருத்தும் தலைமுறை அவ்வகுப்பறையிலிருந்தே எழும் என்பது எமது நம்பிக்கை.