புதுசு மாதிரி வேண்டாம், ஓடினால் போதும்

பழைய சாமான் ஒன்றைத் திருத்தப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது "புதுசு மாதிரி வருமா?" என்பதுதான். எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த ரிமோட் கார் ஒன்றைத் திருத்தி முடித்த பிறகு, அந்தக் கேள்வியே பிழை என்று எனக்குப் படுகிறது. புதுசு மாதிரி வரத் தேவையில்லை. ஓடினால் போதும். காசில்லாதவள் சொல்கிற சமாளிப்பு என்று நினைக்காதீர்கள். காசில்லாமல்தான் தொடங்கினேன், அது உண்மை. ஆனால் இப்ப கையில் காசு இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேணும். ஜப்பானின் தமியா நிறுவனம் 1984இல் வெளியிட்ட கிராஸ்ஹொப்பர் அது. உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு. பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும், நாங்கள்தான் பூட்டவேணும். பின்சில்லு இரண்டும்தான் இழுக்கும். அடிச்சட்டம் ஏபிஎஸ் பிளாஸ்ரிக்கில் ஒரு தொட்டி மாதிரி இருக்கும். பின்பக்கத்தில் கியர்ப்பெட்டியும் அச்சும் ஒன்றாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். அதற்குச் சுருள்வில் இருக்கு, ஆனால் அந்த ஆட்டத்தை அடக்க எண்ணெய் நிரப்பின ஷொக் இல்லை. அதனால் சின்னக் கல்லில் ஏறினாலும் தத்தும். எங்கட ஊரில் தத்துவெட்டியான் என்று சொல்கிற பூச்சியின் பேரை வைத்தது சரிதான். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்காக மலிவாகச் செய்த மொடல் இது. அதே வருஷம் கிட்டத்தட்ட அதே அடிச்சட்டத்தில் ஹோர்னெற் என்ற கொஞ்சம் வேகமான காரும் வந்தது.

எங்கட வீட்டுக்கு இது வந்தது 1989இல். சவூதியில் வேலை செய்த பெரியப்பா லீவில் வந்தபோது மாமாவுக்காகக் கொண்டுவந்தவர். மாமாவுக்கு அப்ப பதின்மூன்று வயது. அடுத்த வருஷம் ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் போனது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் தடை செய்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. செய்தி கேட்கவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ போட்ட காலம். ரிமோட்டுக்கு மட்டும் எட்டு பற்றரி கேட்கிற விளையாட்டுச் சாமானுக்கு அங்கே என்ன இடம்? ஒரு வருஷம்கூட ஓடாத கார் பரணுக்குப் போனது.

1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பி நடந்தபோது வீட்டில் விட்டுவிட்டுப் போன சாமான்களில் இதுவும் ஒன்று. அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது பரணில் அப்படியே இருந்ததாம். ரிமோட்டும் இருந்தது. ஆனால் ஒரு சுற்றிவளைப்பு நாளன்று அம்மம்மா ரிமோட்டை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டுவிட்டா. ஒரு மீற்றர் நீளத்துக்கு இழுபடுகிற ஏரியல் அதில் இருந்தது. அந்த நாளில் அப்படி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, இது பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று யாருக்குப் போய் விளங்கப்படுத்துவது?

ஆக, என் கைக்கு வந்தது ரிமோட் இல்லாத ரிமோட் கார்.

இன்ரநெற்றில் தேடினால் இப்படிப்பட்ட காரைத் திருத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கனபேரின் இலக்கு ஒன்றுதான்: 1984இல் கடைக் கண்ணாடிக்குள் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவது. புது வெள்ளை உடல், புது ஸ்ரிக்கர், புது அடிச்சட்டம், அந்தக் காலத்து ரிமோட். நானும் அப்படி ஒரு பட்டியல் போட்டேன். கூட்டிப் பார்த்தால் புதுக் கார் வாங்குகிற காசை விடக் கூட வந்தது.

புதுக் கார் என்று சும்மா சொல்லவில்லை. தமியா நிறுவனம் ஹோர்னெற்றை 2004இலும் கிராஸ்ஹொப்பரை 2005இலும் திரும்ப வெளியிட்டது. அதனால் என் முதலாவது அபிப்பிராயம் கொஞ்சம் கசப்பானது. உங்கட வீட்டில் பழைய கார் இல்லாவிட்டால், "விண்ரேஜ்" என்ற சொல்லுக்கு மயங்கி ஒன்லைனில் உடைந்த காரை வாங்காதீர்கள். புதுசை வாங்கிப் பூட்டுங்கள், அதுதான் மலிவு. திருத்துகிற வேலைக்கு அர்த்தம் வருவது அந்தச் சாமான் ஏற்கனவே உங்களுடையதாக இருந்தால்தான். திரும்ப வெளியிட்டதால் இன்னொரு நன்மையும் இருக்கு. புதுக் காரின் பாகங்களில் கன சாமான் பழையதுக்கும் பொருந்தும்.

நான் வைத்த கணக்கு 25,000 ரூபா. பட்டியலைக் கிழித்துவிட்டு மூன்று நிரல் போட்டேன். இது இல்லாவிட்டால் ஓடாது. இது இல்லாவிட்டால் ஓடும், ஆனால் திரும்ப உடையும். இது இல்லாவிட்டால் வடிவில்லை. முதல் இரண்டுக்கும்தான் காசு. மூன்றாவதுக்கு ஒரு சதமும் இல்லை.

காசு இல்லாமல் செய்யக்கூடிய வேலைதான் உண்மையில் பெரிய வேலை. கழற்றும்போதே ஒரு பாடம் படித்தேன். ஜப்பான் சாமான்களின் ஸ்குரூத் தலையில் இருக்கிற கூட்டல் குறி நாங்கள் வழமையாகப் பாவிக்கிற பிலிப்ஸ் வெட்டு இல்லை, கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற இன்னொரு வெட்டு. பிலிப்ஸ் ஸ்குரூட்ரைவரைப் போட்டு இறுக்கித் திருப்பினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். இரண்டு ஸ்குரூ நாசமான பிறகு, பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் திருத்துகிற அண்ணை ஒருவர்தான் தன்னுடைய ஸ்குரூட்ரைவரைத் தந்தார். அவருக்கு இது தெரியாத விஷயமே இல்லை.

பிளாஸ்ரிக் பாகங்களைக் கழுவ இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் பழைய பல் பிரஷும் போதும். தின்னர் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது, ஏபிஎஸ் கரைந்துவிடும். ஆனால் அந்தக் கரைகிற குணமே எனக்கு உதவினது. அடிச்சட்டத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. உடைந்த ஏபிஎஸ் துண்டுகளைச் சுரண்டி அசிற்றோனில் ஊறவைத்தால் கூழாக வரும். அதை வெடிப்பில் உள்பக்கமாகப் பூசி இரண்டு நாள் விட்டால் அதே பிளாஸ்ரிக்காக இறுகிவிடும். பசை போட்டு ஒட்டுவதைவிட நல்ல பிடி. இதைச் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், கிட்ட நெருப்பு வேண்டாம். ஹோர்னெற் வைத்திருப்பவர்கள் இதை மேலுடலுக்குச் செய்யவேண்டாம். அது பொலிகாபனேற், அசிற்றோன் பட்டால் வெடிக்கும்.

மோட்டருக்குள் தூசியும் செம்பில் கறுப்பும்தான் பிரச்சினை. கொன்ராக்ற் கிளீனர் அடித்து, அச்சு சுற்றுகிற இரண்டு பக்கமும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, முதலில் இரண்டு சின்னப் பற்றரியில் மெதுவாகச் சுற்றவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் படுத்திருந்த மோட்டர் எழும்பினது.

பழைய பற்றரி நிக்கல் கட்மியம். அது செத்துப் பச்சை பிடித்திருந்தது. கட்மியம் நஞ்சு. எங்கட ஊர் வழக்கப்படி குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். மின்னணுக் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுங்கள், அதுவரை மூடி போட்ட போத்தலுக்குள் வையுங்கள்.

காசு போன விதம் இது. 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டும் ரிசீவரும் 9,500. வேகக் கட்டுப்பாட்டு சேர்க்கிட் 2,200. சில்லுத் திருப்புகிற சேர்வோ 1,900. 7.2 வோல்ற் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரியும் சார்ஜரும் 7,400. நாலு ரயர் 5,300. மொத்தம் 26,300. கணக்கை 1,300 ரூபாவால் தாண்டிவிட்டேன்.

ரயர் ஏன் என்று கேட்கலாம். பழையது காய்ந்து வெடித்து, விரலால் அமத்தினால் உதிர்ந்தது. வேகக் கட்டுப்பாடு ஏன் மாற்றவேணும்? பழையதில் ஒரு சேர்வோ தகட்டுத் தொடுப்பை நகர்த்தும், மெதுவாகப் போகும்போது மிச்ச மின்சாரத்தை ஒரு மின்தடை சூடாக்கி வீணாக்கும். அந்தத் தகடுகள் கறள் பிடித்துப் போயிருந்தன. ஆனால் கழற்றின எதையும் எறியவில்லை. எல்லாம் பேர் எழுதின பைக்குள் இருக்கு. நாளைக்கு வேறு யாரும் பழையபடி ஆக்க விரும்பினால் ஆக்கலாம்.

இனி மூன்றாவது நிரல். வெள்ளையாக இருந்த உடல் மஞ்சளாகிவிட்டது. ஹைட்ரஜன் பெரொக்சைட் பூசி வெய்யிலில் வைத்தால் வெளுக்கும் என்று தெரியும். செய்யவில்லை. கிழிந்த ஸ்ரிக்கர் கிழிந்தபடியே இருக்கு.

அடிச்சட்டத்தின் கதைதான் என் மனதை மாற்றினது. முதல் போட்ட பட்டியலில் புது அடிச்சட்டமும் இருந்தது. வெடித்த ஒன்றை ஏன் வைத்திருப்பான், மாற்றினால் வேலை சுகம் என்று நினைத்தேன். காசு இடம் கொடாததால்தான் பழையதையே கழுவி ஒட்ட உட்கார்ந்தேன். மண் போனபோது அடிப்பக்கத்தில் கொம்பஸ் முனையால் கீறின எழுத்து தெரிந்தது. மாமாவின் பேர், அதுக்குக் கீழே "8 பி".

கையில் இன்னும் ஐயாயிரம் இருந்திருந்தால் அந்தப் பேரைக் குப்பைக்குள் போட்டுவிட்டு, "அச்சொட்டாக 1984 மாதிரி" என்று படம் எடுத்துப் போட்டிருப்பேன். இதுதான் நான் சொல்ல வருவது. ஒரு சாமானை அது பிறந்த நாளுக்குத் திருப்பி அனுப்பினால், பிறகு அது பட்டது எல்லாம் அழிந்துபோகும். ஜப்பானில் இருக்கிற ஒருவருக்கு அந்த இடைக்காலம் வெறும் தூசியாக இருக்கலாம். எங்களுக்கு அதுதான் கதை. கிணற்றுக்குள் போன ரிமோட்டுக்குப் பதிலாக அதே மாதிரி இன்னொன்றைத் தேடி வாங்கி வைத்தால், பார்க்கிறவருக்கு அது ஒருநாளும் தொலைந்ததாகவே தெரியாது. புது ரிமோட் புதுசாகவே தெரியட்டும்.

இதுக்கு மறுபேச்சு இருக்கு. பெட்டியும் பிரிக்காமல், பூட்டாமல் இருக்கிற பழைய கிற் என்றால் அதை அப்படியே பேணவேணும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதில் இடைக்காலம் என்று ஒன்று நடக்கவில்லை. இன்னொரு மறுபேச்சு மாமாவிடமிருந்தே வந்தது. நான் காசு மிச்சம் பிடித்த கதையையும் டைனமோ ரேடியோவையும் ஒன்றாக இழுத்துப் பெருமையாகக் கதைத்தபோது, ரொறன்ரோவிலிருந்து அவர் சொன்னது இது:

"பிள்ளை, நாங்கள் அப்ப ஆசைப்பட்டே சைக்கிள் சுத்தினனாங்கள்? வேற வழியில்லை. பற்றரி கிடைச்சிருந்தா அண்டைக்கே டைனமோவைத் தூக்கி எறிஞ்சிருப்பம். அதை ஒரு கலை மாதிரிக் கதையாதை."

அவர் சொன்னது சரி. இல்லாமையை வடிவாக்கி எழுதுவது லேசு, முக்கியமாக அந்தக் காலத்தில் இருந்திராத எங்களுக்கு. அதனால் திருத்திச் சொல்கிறேன். காசில்லாமல் இருப்பது நல்லது என்று நான் சொல்லவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று யோசிக்காமலே எல்லாத்தையும் மாற்றக் காசு விடும். அந்த யோசனையைக் காசு வந்த பிறகும் கைவிடக்கூடாது. அவ்வளவுதான்.

போன மாதம் முற்றத்தில் ஓடவிட்டு மாமாவுக்கு வீடியோவில் காட்டினேன். வேப்பமர வேரில் ஏறித் தத்திக் கவிழ்ந்தது. நிமிர்த்தி விட்டேன், திரும்ப ஓடினது. அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு ரிமோட்டைக் காட்டச் சொன்னார்.

"ஏரியல் இல்லையோ?"

"இப்ப எல்லாம் உள்ளுக்குள்ள, மாமா."

"அப்ப அம்மா இதைக் கிணத்துக்குள்ள போட்டிருக்கமாட்டா."

உங்கட வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடக்கும். ரேடியோ, தையல் மெஷின், கமரா, எதுவென்றாலும் சரி. பெயின்ற் வாங்க முதல் அதைக் கழுவிப் பாருங்கள். கவிழ்த்து அடியையும் பாருங்கள். அது யாருடையது என்று கேளுங்கள், கேட்கக்கூடிய ஆட்கள் இருக்கும்போதே.