வரப்புல நடக்குறவனுக்கு எந்தக் கண்ணாடி?

போன புரட்டாசியில ஒரு நாள், விடியக்காலம் மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டப் போயிருந்தேன். மடையை மாத்தி விட்டுட்டுத் திரும்பினேன். முப்பது வருசமா நடக்குற வரப்புதான். ஆனா கால் வைக்க நினைச்ச இடம் ஒண்ணு, கால் போன இடம் வேற. கணுக்கால் பிசகி, பத்து நாள் திண்ணையிலேயே கிடந்தேன்.

வரப்பு வழுக்கலைங்க. மூக்கு மேல புதுசா ஏறியிருந்த புரோகிரசிவ் கண்ணாடிதான் காரணம். சென்னையில் இருக்கும் மகன் ஆசையாக வாங்கித் தந்தது. விலை 11,500 ரூபாய். அவன் மேல் எனக்குக் குறை இல்லை. லென்ஸும் நல்ல லென்ஸ்தான். கடையில் "பட்ஜெட் எவ்வளவுங்க சார்?" என்று கேட்டார்கள், "எந்தக் கம்பெனி பாக்குறீங்க?" என்று கேட்டார்கள். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப் போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுக்காது. தூரப் பார்வைக்கும் பவர் இருக்கிறவருக்கு ரெண்டு கண்ணாடி வேணும், இல்லையென்றால் பைஃபோகல். என் அப்பா போட்டிருந்தது அதுதான். கீழே கோடு போட்ட மாதிரி ஒரு துண்டு, அது படிக்க. மேலே இருப்பது தூரத்துக்கு. 1959ல் பிரான்ஸில் பெர்னார்ட் மெத்தெனாஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்த கம்பெனி, வேரிலக்ஸ் என்ற பெயரில் கோடில்லாத லென்ஸைக் கொண்டுவந்தது. இன்றைக்கு நாம் புரோகிரசிவ் என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

நம்ம பாஷையில் சொன்னால், பைஃபோகல் என்பது நடுவில் வரப்பு வைத்த ரெண்டு மட்டத்து வயல். புரோகிரசிவ் என்பது வரப்பே இல்லாத சரிவு. மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர் தூரம், கீழே படிக்கும் தூரம் என்று பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். தெளிவாகத் தெரிவது நடுவில் இறங்கும் ஒரு வாய்க்கால் அகலம்தான். ரெண்டு பக்கமும் உருவம் இழுபடும், கலங்கும். எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்தக் கலங்கல் முழுசாகப் போகாது. விலை ஏற ஏற வாய்க்கால் அகலமாகும், கலங்கல் குறையும், அவ்வளவுதான்.

கால் ஆறின பிறகு பக்கத்து டவுனில் வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பொண்ணு கண் பரிசோதனைக்குப் படித்தவர். சீட்டைப் பார்க்கும் முன்னாலேயே, "ஐயா, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எதை எதைப் பாப்பீங்க?" என்று கேட்டார். சொன்னேன். தென்னை மரத்து உச்சி. காலடியில் கிடப்பது சொட்டுநீர்க் குழாயா, பாம்பா என்பது. மருந்து பாட்டிலில் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று எறும்பு மாதிரி அச்சடித்திருக்கும் எழுத்து. ராத்திரியில் செல்போன்.

அவர் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. லென்ஸின் கீழ்ப்பகுதி ஒன்றரை அடி தூரத்துக்கு அமைத்தது. வரப்பைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினால் அந்தப் பகுதி வழியாகத்தான் பார்க்கிறேன். ஆனால் தரை இருப்பது ஐந்தடிக்குக் கீழே. அதனால் மங்கலாகவும், இருக்கிற இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளியும் தெரியும். தலையையே குனிந்து பார்க்கப் பழகலாம். ஏசி ரூமில் அது சுலபம். தலையில் தீவனக் கட்டு இருக்கும்போது எப்படிக் குனிவது?

பழைய கண்ணாடியையும் வாங்கிப் பார்த்தார். பிரேமை மாட்டி நேராகப் பார்க்கும்போது, கருவிழி நடுவிலிருந்து பிரேமின் அடிவிளிம்பு வரை அளக்க வேண்டுமாம். லென்ஸைப் பொறுத்து 14 மில்லிமீட்டரோ 18 மில்லிமீட்டரோ இடம் வேண்டும். மகன் ஸ்டைலாக எடுத்த சின்ன பிரேமில் அந்த இடமே இல்லை. அதற்காக வாய்க்காலைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். குட்டையானால் பவர் சடாரென்று ஏறும், ஓரக் கலங்கலும் கூடும். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கருவிழிக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாக அளக்க வேண்டும். பிரேமின் சாய்வையும் பார்க்க வேண்டும். முதல் கடையில் பிரேமை என் முகத்தில் மாட்டி, பேனாவால் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

இது என் ஒருத்தன் கதை மட்டும் இல்லைங்க. ஆஸ்திரேலியாவில் பைஃபோகல், புரோகிரசிவ் போட்டுக்கொண்டிருந்த முதியவர்களுக்கு, வெளியே நடக்க என்று தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010ல் முடிவு வெளிவந்தது. வழக்கமாக வெளியே நடமாடுகிறவர்கள் விழுவது குறைந்தது. ஆனால் வீட்டோடு இருக்கிறவர்கள் வெளியே வந்தபோது விழுவது கூடியது. ஆக, ஒரே கண்ணாடி எல்லோருக்கும் பொருந்தாது.

அதற்காகக் கண்ணாடியே வேண்டாம் என்றும் இருந்துவிடக் கூடாது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்குச் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018ல் வந்தது. இலை பறிக்கும் அளவு, கண்ணாடி இல்லாதவர்களைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. விலை உயர்ந்த லென்ஸ் எதுவும் இல்லை. வேலைக்குப் பொருந்திய லென்ஸ், அவ்வளவுதான்.

புரோகிரசிவ் ஏமாற்று வேலை என்றும் நான் சொல்லவில்லை. என் தங்கச்சி ஜவுளிக்கடை வைத்திருக்கிறாள். அலமாரி, வாடிக்கையாளர் முகம், பில் புத்தகம் என்று நாள் பூரா மாறி மாறிப் பார்க்கணும். அவளுக்கு ரெண்டே வாரத்தில் பழகிவிட்டது, இப்போது அதைக் கழற்றுவதே இல்லை. நான் இப்போது காட்டுக்குத் தூரப் பார்வைக் கண்ணாடி மட்டும் போடுகிறேன். சட்டைப் பையில் 350 ரூபாய்க்கு வாங்கின படிக்கிற கண்ணாடி. மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தால் அதை மாட்டாமல் மூடியைத் திறப்பதில்லை. மகன் வாங்கித் தந்தது கல்யாணம் காட்சிக்கு, பேங்குக்கு.

நகரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு நல்ல கண்ணாடி வாங்கித் தரணும் என்று நினைக்கிறீர்கள், நல்ல மனசு. வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் அவர்கள் பின்னாலேயே நடந்து பாருங்கள். கிணற்றுப் படியில் இறங்குகிறார்களா, மாடு பிடிக்கிறார்களா, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்களா என்று பாருங்கள். அதைக் கடையில் சொல்லுங்கள். அவர்களையும் கூடவே கூட்டிப் போங்கள், அளவு எடுக்க வேண்டியது அவர்கள் முகத்தில்தான். பழைய பைஃபோகலில் பத்து வருசம் நிம்மதியாக நடந்த ஆளுக்கு, கோடு தெரியுது, அழகா இல்லை என்பதற்காக மாற்றாதீர்கள்.

கேள்வி கேட்காமல் விலைப்பட்டியலை நீட்டுகிற கடையாக இருந்தால், எழுந்து அடுத்த கடைக்குப் போங்க.