இரவு எங்கே தங்குவீர்கள்?



"மாதம் தவறாமல் திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் சுற்றுகிறேன். கயிலாயம் போய்வர இந்தப் பழக்கம் போதுமா?"

இந்தக் கேள்வி இல்லாத தபால் கட்டு இப்போதெல்லாம் எங்களுக்கு வருவதில்லை. நின்றுபோயிருந்த கயிலாய மானசரோவர் யாத்திரை 2025-இல் மறுபடி தொடங்கியதிலிருந்து கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அந்த ஆண்டு வெளியுறவு அமைச்சகம் ஒதுக்கிய இடங்கள் 750. லிப்புலேக் கணவாய் வழியாக ஐம்பது ஐம்பது பேராக 5 அணி, நாதுலா வழியாக 10 அணி. வயது 18 முதல் 70 வரை இருக்கலாம். உடல் நிறைக் குறியீடு 25-ஐத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டை இட்லிக்கு மாற்றிக்கொண்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். வாழ்க.

கேள்விக்கு வருகிறேன். கிரிவலம் கால்களுக்குப் போதும். மூச்சுக்குப் போதாது.

அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். ஊர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரத்தைக்கூட எட்டாது. தீபம் ஏற்றும் உச்சியே 814 மீட்டர்தான். கயிலாயத்தைச் சுற்றும் பாதை சுமார் 52 கிலோமீட்டர். நம்மவர்கள் அதை மூன்று நாளில் முடிப்பார்கள். திபெத்தியர்களில் ஒரே நாளில் சுற்றி முடிப்பவர்களும் இருக்கிறார்கள். நடுவில் தாண்ட வேண்டிய டோல்மா கணவாய் 5,630 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதில் பாதி. ஒரு மூச்சுக்கு நுரையீரலுக்குள் போகிற ஆக்சிஜனும் பாதியாகிவிடுகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் பிடிக்கும். தூங்கும்போது மூச்சு இன்னும் தணிவதால் மலைநோய் பெரும்பாலும் ராத்திரியில்தான் தலைகாட்டும். அதனால்தான் மலை மருத்துவர்கள் பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் படுத்தீர்கள் என்பதைக் கவனமாகக் கேட்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், நேற்றுப் படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். இது அவர்கள் சொல்லும் கணக்கு.

எங்களுக்கு வரும் பயணத் திட்டங்களில் விமானம், ஜீப், பூஜை சாமான், ஸ்வெட்டர் எல்லாம் இருக்கும். இரவுகள் மட்டும் இருக்காது. "தங்குமிடம்: கிடைத்த இடத்தில்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

கிடைத்த இடத்தில் தங்குவது திருவண்ணாமலையில் செல்லும். பௌர்ணமிக்கு வருகிற லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அறையே எடுப்பதில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, ராத்திரி முழுக்கச் சுற்றி, விடியும்போது ரயில் நிலையத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ துண்டை விரித்துப் படுத்து எழுந்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். அறை வேண்டுமென்றால் அன்றைக்கு லாட்ஜ்காரர் சொல்வதுதான் வாடகை. சமூகச் சத்திரங்களும் மடங்களும் உண்டு. ரமணாச்ரமத்தில் வாடகை கிடையாது, ஆனால் வெகு முன்னதாகவே எழுதிக் கேட்டு இடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

செங்கம் சாலையில் ரமண நகர்ப் பக்கம் வேறொரு உலகம். நவம்பர், டிசம்பரில் வெளிநாட்டவர்கள் வந்து இறங்குவார்கள்; மாத வாடகைக்கு மாடி அறை எடுத்து, மார்ச் வெயில் உறைக்கத் தொடங்கும்போது பலர் அப்படியே ரிஷிகேசுக்கும் தரம்சாலாவுக்கும் லடாக்குக்கும் கிளம்பிவிடுவார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி ஒருவர் இன்னொருவரிடம் எந்தக் கணவாயில் எப்போது பனி விலகும் என்று விசாரித்துக்கொண்டிருப்பதைச் சாதாரணமாகக் கேட்கலாம்.

அந்த விருந்தினர் இல்லங்களில் நான் பெரிதாக மதிப்பது வெந்நீரையோ வைஃபையையோ அல்ல. வீட்டுக்காரம்மாவின் கண்ணை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்த அம்மா அதற்கும் மேலே ஒரு பதிவேட்டை மனசில் வைத்திருப்பார். "மாடி ரூம்காரர் ரெண்டு நாளா டீக்கு இறங்கி வரலையே, போய்ப் பாரு தம்பி." மலைமேல் வேண்டியதும் இந்தக் கண்தான். மலைநோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று பசியின்மை; தலைவலி, குமட்டல், தூக்கமின்மை கூடவே வரும். நோயாளி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "ஒண்ணுமில்ல, பயணக் களைப்பு" என்பார். அவர் தட்டைத் தொடவில்லை என்பதைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

நேபாள மலைப்பாதை விடுதிகளில் அந்த ஆள் இருக்கிறார். அங்கே அறை வாடகை குறைவு, ஆனால் ராத்திரிச் சாப்பாட்டையும் காலை உணவையும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். அறையில் கட்டில், மெத்தை, ஒரு கம்பளி. சூடு இருப்பது சாப்பாட்டுக் கூடத்தின் அடுப்பருகில் மட்டும். எல்லோரும் அங்கே கூடித்தான் ஆக வேண்டும். பருப்பும் சோறும் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவர் யார், தட்டை ஒதுக்கிவிட்டுச் சுவரில் சாய்கிறவர் யார் என்பது விடுதிக்காரருக்குத் தெரிந்துவிடும். குழுப் பயணத்தில் சமையல்காரரோடு போய், சாம்பாரைத் தனி அறைகளில் வாங்கிச் சாப்பிடும் நம் வழக்கத்தில் இந்தக் கவனிப்பு போய்விடுகிறது. சாம்பார் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

முக்திநாத் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சாளக்கிராமத் தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் வயதானவர்களே அதிகம் போகிறார்கள். பொக்காரா சுமார் 820 மீட்டர். அங்கிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் அரை மணி கூட ஆகாது. அது சுமார் 2,700 மீட்டர். அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத், சுமார் 3,700 மீட்டர். காலைப் பலகாரம் பொக்காராவில், மதியம் 108 நீர்த்தாரைகளின் கீழ் பனிக்குளிரில் ஸ்நானம். உடம்புக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் தரிசனம் முடிந்திருக்கும். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்தப் பலரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஏமாறுகிறார்கள். என் யோசனை இது: முதல் இரவை ஜோம்சோமிலோ பக்கத்து மார்ஃபாவிலோ கழியுங்கள். மறுநாள் மேலே போய்த் தரிசித்துவிட்டு, படுக்கக் கீழே வந்துவிடுங்கள். காளிகண்டகி பள்ளத்தாக்கில் முற்பகலுக்குமேல் காற்று பேயாட்டம் போடும். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும்தான் பறக்கும். வானம் மூடினால் அதுவும் இல்லை. ஆகவே கையில் இரண்டு உபரி நாள் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

உபரி நாளின் அருமையை 2018 ஜூலையில் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும். நேபாளம் வழியாகக் கயிலாயம் போய்த் திரும்பிய நூற்றுக்கணக்கான இந்தியர்கள், மோசமான வானிலையால் விமானமும் ஹெலிகாப்டரும் இல்லாமல் அந்தச் சிற்றூர்களில் நாள்கணக்கில் தவித்தார்கள். ஹில்சா போன்ற இடத்தில் அத்தனை பேருக்குக் கூரை ஏது? அரசு நடத்தும் யாத்திரை மெதுவாகப் போவதாகக் குறைப்படுபவர்கள், லிப்புலேக் வழியில் குஞ்சியில் நிறுத்தி உடம்பைப் பழக்கி, மறுபடி மருத்துவப் பரிசோதனை செய்து அனுப்புவது எதற்காக என்று யோசிக்கலாம். அந்த இரவுகள் வீணானவை அல்ல. யாத்திரையின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். 2020 ஜனவரியில், நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில் சுற்றுலா போன கேரளக் குடும்பத்தினர் 8 பேர், குழந்தைகள் உட்பட, ஒரே அறையில் இறந்துபோனார்கள். குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு எரிவாயு ஹீட்டர் போட்டிருந்தார்கள். தாமன் அப்படியொன்றும் பெரிய உயரமில்லை. கொன்றது மூடிய அறை. கரியடுப்போ எரிவாயு ஹீட்டரோ படுக்கையறைக்குள் வேண்டவே வேண்டாம். விடுதிக்காரர் அன்பாகக் கொண்டுவந்து வைத்தாலும் வெளியே வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு கம்பளி கேளுங்கள், வெந்நீர்ப் புட்டியைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கும் இடம் மலையின் எந்த மடிப்பில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1998 ஆகஸ்டில் பித்தோராகர் மாவட்டத்து மால்பா கிராமம் விடிவதற்கு முன் நிலச்சரிவில் புதைந்தபோது இறந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களில் 60 பேர் கயிலாய யாத்ரீகர்கள். நடனக் கலைஞர் புரோதிமா பேடியும் அவர்களில் ஒருவர். மழைக்காலம், செங்குத்தான சரிவின் அடிவாரம், தூங்கும் நேரம். இமயமலையில்தான் அப்படி நடக்கும் என்று இருந்தோம். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். 5 பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்களை மலையேற அனுமதிக்கவில்லை.

அதையொட்டி ஒரு வேண்டுகோள். உச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று கிரிவலப் பாதையில் யாராவது அணுகினால் மறுத்துவிடுங்கள். வனத்துறை தடுத்திருக்கும் பாதையில் தொலைந்தால் தேடி வருகிறவர்களுக்கும் ஆபத்து. குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீயும் அதில் மாண்டவர்களும் நமக்குப் பழங்கதை ஆகிவிடவில்லை. உடம்பைப் பழக்கத்தான் மலை வேண்டுமென்றால், ரமணாச்ரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாச்ரமம் வரை பகலில் ஏறி இறங்குங்கள். அது சலித்துவிட்டால் கலசபாக்கம் பக்கம் பருவதமலை இருக்கிறது. ஏணியும் சங்கிலியும் கடப்பாறைப் படியுமாகத் தொடையைப் பதம் பார்க்கும். புது ஷூவைக் கிரிவலத்தில் பழக்கலாமா என்று கேட்டிருக்கும் அன்பருக்கு: சுற்றுவது வெறுங்காலில், ஷூவுக்கு உங்கள் ஊர் ஏரிக்கரை போதும்.

திரும்பிவருவதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. தமிழில் கயிலாயப் பயணம் என்றால் நினைவுக்கு வருகிறவர் அப்பர். கால் தேய்ந்து, கையால் ஊர்ந்து, மார்பால் தவழ்ந்து, கடைசியில் உருண்டு போனவரை வழியில் ஒரு முனிவர் தடுத்துத் திரும்பச் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். அப்பர் மறுத்தார், பிறகு இறைவன் வாக்குக்கு இணங்கி ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். நம் மரபின் மிகப் பெரிய கயிலாய யாத்ரீகர் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர். ரமணரைத் தேடி 1931-இல் திருவண்ணாமலைக்கு வந்த பால் பிரண்டனும் பின்னாளில் கயிலாயம் போக ஆசைப்பட்டு, திபெத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்காமல் கர்வால் மலையிலேயே தங்கி, அந்த நாள்களைப் புத்தகமாக்கினார். மேலே தலைவலி தீராமல், நடை தள்ளாடினால், படுத்திருக்கையிலும் மூச்சு வாங்கினால், வைத்தியம் ஒன்றுதான்: இறங்குவது. அன்றிரவே, இருட்டென்றாலும். டோல்மா கணவாய் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும் என்று கூட வருகிறவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். பணம் கட்டியாயிற்றே என்ற வாதத்தை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் குழுத் தலைவர்தான்.

மீதியெல்லாம் சின்னச் சின்னது. டயமாக்ஸ் என்ற பெயரில் விற்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். நேபாளத்துக்கு விமானத்தில் போகக் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ வேண்டும். ஆதாரை நம்பி விமான நிலையத்தில் நிற்காதீர்கள்.

அடுத்த இதழில் வாசகர்கள் தங்கிய மலை விடுதிகளுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். போய்வந்தவர்கள் எழுதுங்கள். எந்த ஊர், என்ன உயரம், முந்தைய இரவு எங்கே, எத்தனை கம்பளி கொடுத்தார்கள், தூக்கம் வந்ததா, காலையில் தலைவலி இருந்ததா, கழிப்பறை எவ்வளவு தூரம். தரிசன அனுபவங்கள் ஏற்கெனவே இரண்டு கோப்பு நிறைய இருக்கின்றன. அவை தீபாவளி மலருக்கு.

அன்புடன்,
ஆசிரியர்