கரி யார் முகத்தில்?

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு மோட்டார் பட்டறை. சென்ற வாரம் அங்கே போயிருந்தேன். மேசை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, எட்டு வால்வுகளை வரிசையாக வைத்திருந்தார் மேஸ்திரி. "இவை வால்வுகள்" என்றார் அவர், சொன்னதால்தான் நம்பினேன்! தண்டிலும், தலையின் பின்புறத்திலும், அடுப்பில் தீய்ந்துபோன சட்டியின் அடியைப் போலக் கெட்டிக் கரி. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் அவர் நெம்பினார். செதில் செதிலாக உதிர்ந்தது.

பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட டின்னின் மேல், தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் வண்டிக்குச் சொந்தக்காரர். வாடகைக் கார் ஓட்டும் தோழர். கடன்பட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கி, மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கும் இடையே ஓட்டிப் பிழைப்பவர். எந்தக் கம்பெனி கார் என்று கேட்காதீர்கள். அது இங்கே தேவையில்லை.

"காலையிலே ஸ்டார்ட் பண்ணினா வண்டி நடுங்குதுங்க. பல்லாவரம் மேம்பாலம் ஏறினா இழுவை இல்லே. நடுநடுவே மிஸ்ஸிங். மைலேஜும் போச்சு" என்றார்.

கம்பெனி சர்வீசுக்குப் போனாராம். "உங்கள் ஊர்ப் பெட்ரோல் சரியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பங்க்கில் கேட்டாராம். "எங்கள் பெட்ரோலில் குறையில்லை, உன் வண்டியைப் பார்" என்றார்கள். உதிரி பாகக் கடைக்குப் போனாராம். "இந்தப் பாட்டிலை டேங்க்கில் ஊற்று, கரியெல்லாம் கரைந்து போகும்" என்றார்கள். ஊற்றினார். ஒரு பாட்டில் அல்ல, மூன்று பாட்டில்! கரைந்தது அவர் கைக்காசுதான். கரி அப்படியே இருந்தது!

மூன்று வாசல், மூன்று பதில். மூன்றிலும் குற்றவாளி வேறு யாரோ. ஆனால் வேலையில்லாமல் பட்டறையில் எட்டு நாள் உட்கார்ந்தவர் யார்? தவணை கட்ட வழியின்றித் தவித்தவர் யார்? தொழிலாளி!

கூண்டில் ஏற்றுவோம் பெட்ரோலை

தோழர்களே! கோபம் வருகிறது. ஆனால் கோபத்தோடு கொஞ்சம் கணக்கும் வேண்டும். பெட்ரோலின் மீது வழக்கென்றால், அதைக் கூண்டில் ஏற்றி முறையாகவே விசாரிப்போம்.

இந்த ஜி.எஸ்.டி. சாலையே ஒரு மோட்டார் சரித்திரம். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்தது. அது கார்புரேட்டர் காலம். பெட்ரோலும் காற்றும் வெளியிலேயே கலந்து, வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் போகும். போகிற போக்கில் பெட்ரோல் வால்வை நனைத்துக் கழுவிக்கொண்டே போகும். பின்னர் இன்ஜெக்டர் வந்தது. அப்போதும் அது வால்வின் முதுகில்தான் பெட்ரோலைப் பீய்ச்சியது. வால்வுக்கு நாள்தோறும் குளியல்!

பிறகு வந்தது டைரக்ட் இன்ஜெக்ஷன். புத்தம் புதுக் கண்டுபிடிப்பு அல்ல இது. 1954-லேயே மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். காரில் இருந்தது. 1996-இல் ஜப்பானின் மிட்சுபிஷி இதைச் சாதாரணக் காருக்குக் கொண்டுவந்தது. நம் மறைமலை நகரில் செய்யப்பட்ட ஃபோர்டு எக்கோஸ்போர்ட் காரில், 2013-இல், இந்த வகையைச் சேர்ந்த ஒரு லிட்டர் டர்போ என்ஜினும் வந்தது. இன்று பல கம்பெனிகளின் கார்களில் இது உண்டு. என்ஜின் சிறிது, சக்தி பெரிது, பெட்ரோல் மிச்சம். இந்தப் பெருமைகள் பொய்யல்ல.

ஆனால் இதில் பெட்ரோல் வால்வின் பக்கமே வருவதில்லை! நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வைத் தாண்டிப் போவது காற்று மட்டுமே. காற்று மட்டுமா? அதோடு கிராங்க் கேசிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வருகிறது. பழைய காலத்தில் அந்தப் புகையை வெளியே விட்டார்கள். ஊர்க் காற்று கெட்டது. இப்போது அதை என்ஜினே மறுபடி விழுங்க வேண்டும் என்பது விதி, நல்ல விதிதான். பல என்ஜின்களில் எரிந்து வெளிவரும் புகையில் ஒரு பங்கும் திரும்ப உள்ளே அனுப்பப்படுகிறது. இந்த எண்ணெய் ஆவி சூடான வால்வின் முதுகில் படிகிறது, வறுபடுகிறது, கரியாகிறது. கழுவப் பெட்ரோல் இல்லை. குளியலை நிறுத்திவிட்டு, உடம்பில் அழுக்கேறியது ஏன் என்று கேட்கலாமா?

ஆகவே, வால்வுக் கரி என்ற முதல் குற்றச்சாட்டில் பெட்ரோலுக்கு விடுதலை! வால்வைத் தொடாத ஒன்று வால்வை எப்படிக் கெடுக்கும்? அதே காரணத்தால், பெட்ரோல் டேங்க்கில் ஊற்றும் பாட்டில் மருந்து அந்த வால்வை எப்படிச் சுத்தம் செய்யும்? இன்ஜெக்டரின் நுனியைச் சுத்தம் செய்யலாம்; வால்வுக்கு அது எட்டாக் கனி. இதைச் சொல்லாமல் ஏழையிடம் பாட்டில் விற்பவனை வியாபாரி என்பதா, வேறு பெயரால் அழைப்பதா?

பொறுப்பு யாருடையது? வரைபடம் போட்டவர்களுடையது! பெட்ரோலை இரண்டு இடத்திலும் பீய்ச்சும் இரட்டை முறையை டொயோட்டா 2005-லேயே செய்து காட்டியது. வால்வும் கழுவப்படும், நேரடிப் பாய்ச்சலின் பலனும் கிடைக்கும். மருந்து இருக்கிறது, ஆனால் அதற்குக் காசு பிடிக்கும். அந்தச் செலவைக் கம்பெனி மிச்சம் பிடித்தால், அது பட்டறையில் தொழிலாளியின் தலையில் வந்து விழுகிறது.

முழு விடுதலை இல்லை

அப்படியானால் பெட்ரோல் உத்தமனா? அவசரப்பட வேண்டாம், இன்னும் விசாரணை முடியவில்லை.

டைரக்ட் இன்ஜெக்ஷனில் இன்ஜெக்டரின் மூக்கு நெருப்புக்குள்ளேயே இருக்கிறது. அதன் துளைகள் மயிரிழை போன்றவை. பெட்ரோலில் அழுக்கைக் கரைக்கும் மருந்து போதாவிட்டால், கனமான எண்ணெய்க் கலப்படம் இருந்தால், துளையைச் சுற்றிக் கரி கட்டும். பாய்ச்சல் கோணும்; எரிய வேண்டியது அரைகுறையாக எரியும்; பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கரி ஏறும்; எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயைக் கெடுக்கும். கெட்ட எண்ணெயின் புகை மறுபடி வால்வுக்கு! இப்படிச் சுற்றி வளைத்து வந்தால், வால்வுக் கரியிலும் கெட்ட பெட்ரோலுக்குப் பங்கு உண்டு.

கலப்படம் என்றதும் ஒரு பெயரை நினைக்காமல் இருக்க முடியாது: மஞ்சுநாத் சண்முகம். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் அதிகாரி. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த பங்க்கின் மீது நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2011 ஜனவரியில், மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, எண்ணெய்த் திருட்டைத் தடுக்கப்போன கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே உயிரோடு எரிக்கப்பட்டார். பெட்ரோலின் தூய்மை என்பது கார் வைத்திருப்பவரின் ஆடம்பரக் கவலை என்று எண்ணுவோர் இந்த இருவரையும் எண்ணிப் பார்க்கட்டும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டு நாடெங்கும் பி.எஸ்.-6 தரம். பெட்ரோலில் கந்தகம், பத்து லட்சத்தில் 50 பங்கு என்று இருந்தது 10 பங்காகக் குறைந்தது. வட கோடியில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை. தென் கோடியில் நம் தாம்பரம். ஆலை வாசலில் இருக்கும் தரம், வழியில் எங்கும் கெடாமல் நம் டேங்க் வாசலுக்கும் வந்து சேர வேண்டும், கேட்பது அவ்வளவே.

எத்தனால் என்ற புதுப் புள்ளி

இப்போது எதற்கெடுத்தாலும் எத்தனாலைக் கை காட்டுகிறார்கள். 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுதும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் வந்துவிட்டது. அதனால்தான் கரி என்கிறார்கள். அது சரியன்று. எத்தனால் கரி குறைவாக எரியும் பொருள். நாக்கிங்கைத் தாங்கும் சக்தியும் அதற்கு அதிகம். பொய்க் குற்றச்சாட்டைச் சுமத்தினால் உண்மைக் குற்றச்சாட்டும் தோற்றுப் போகும், தோழர்களே!

உண்மைக் குற்றச்சாட்டு என்ன? லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி, பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வகைக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லிற்று. புது வண்டிக்கு 1, 2 சதவிகிதம்தான். புது வண்டி யாரிடம்? பழைய வண்டி யாரிடம்? சொல்லத் தேவையில்லை.

கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் போடும் ஓட்டுநர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6 சதவிகிதம் என்றால் நாளுக்கு 60 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 1,500 ரூபாய். பிள்ளையின் பள்ளிக்கூட வேன் கட்டணம்! சக்தி குறைந்த எரிபொருளுக்கு விலையும் குறைய வேண்டும் என்று அதே அறிக்கை யோசனை கூறியது. சக்தி குறைந்தது; விலை குறைந்ததா?

இன்னொன்று: எத்தனால் தண்ணீரை இழுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்ததை மறந்தோமா? இத்தகைய தாழ்ந்த பகுதிகளில், நிலத்தடி டேங்க்கில் மழைநீர் கசிந்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் பங்க்குகளின் டேங்க்கைச் சோதிப்பது இங்கே இரட்டிப்பு அவசியம்.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்று போடப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் முதல் நாள் தள்ளுபடி செய்தது. வழக்கு முடிந்திருக்கலாம், வாங்குபவனின் கேள்வி முடியவில்லை. அரிசிக் கடையில் இரண்டு விதம் உண்டு. அரைப் பட்டினிக்காரனும் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறான். பங்க்கில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு காசைக் கொடுக்க வேண்டுமா?

கேட்பது என்ன?

ஒவ்வொரு பங்க்கிலும் எத்தனால் எத்தனை சதவிகிதம் என்று பெரிய எழுத்தில், தமிழில் எழுதி வைக்க வேண்டும். பழைய வண்டிகளுக்காகப் பத்து சதவிகிதக் கலவை சில பங்க்குகளிலாவது கிடைக்க வேண்டும்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் கார் விற்கும் கம்பெனிகள், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வைப் பார்க்க வேண்டும், சுத்தம் செய்ய என்ன செலவாகும் என்பதை விற்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் அந்தச் செலவைக் கம்பெனியே ஏற்க வேண்டும். "உங்கள் ஊர்ப் பெட்ரோல்" என்று கை கழுவுவதானால், அந்தப் பெட்ரோலைச் சோதித்த சீட்டைக் காட்டட்டும்!

வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சிக் கரியை உதிர்க்கும் இயந்திரம் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றாமலே வேலை முடியும். அது பெரிய கம்பெனி சர்வீசில் மட்டும் இருந்தால் போதாது. நம் ஐ.டி.ஐ.களில் அதைக் கற்றுக்கொடுத்து, சிறு பட்டறைக்காரர் அதை வாங்கக் கடனும் கொடுக்க வேண்டும்.

நம் கையில் உள்ளது

கேட்பது ஒரு பக்கம். செய்வது இன்னொரு பக்கம். பங்க்கில் வடிதாள் கேளுங்கள். ஒரு சொட்டுப் பெட்ரோல் விட்டால், ஆவியானபின் கறை தங்கக் கூடாது. அடர்த்தி பார்க்கும் கருவியும் வெப்பமானியும் அங்கே இருக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கணக்கிட்ட அடர்த்தி, பதிவேட்டில் உள்ளதைவிட 3 புள்ளிக்கு மேல் மாறக் கூடாது. அளவில் சந்தேகமா? முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். இவை உங்கள் உரிமை. பங்க்காரர் செய்யும் உபகாரம் அல்ல. ரசீது வாங்க மறக்காதீர்கள்.

என்ஜின் ஆயிலை நாள் தள்ளாமல் மாற்றுங்கள். புத்தகத்தில் சொன்ன தரத்திலேயே ஊற்றுங்கள். பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே ஓடும் வண்டிக்கு, புத்தகத்தில் உள்ள கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுவது நல்லது. ஆயிலில் இருநூறு மிச்சம் பிடித்தால் வால்வில் ஆயிரங்கள் போகும்.

வால்வுகளைத் துடைத்து முடித்த மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டார். சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கரி போகவில்லை. ஓட்டுநர் தோழர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் நெற்றியிலும் ஒரு கோடு கரி.

திட்டம் போட்டவர்கள் முகத்தில் கரி இல்லை. வண்டி விற்றவர்கள் முகத்தில் கரி இல்லை. பாட்டில் விற்றவர் முகத்திலும் இல்லை. உழைப்பவன் முகத்தில் மட்டும் ஏன் கரி? இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரை ஒவ்வொரு பங்க்கிலும், ஒவ்வொரு ஸ்டாண்டிலும் எல்லோரும் கேட்டால், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்!