பஸ் ஜன்னலில் உப்பளம்

அமேஸான் காட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கவிதைகளில் பாதரசம் கலந்த ஆறு இருக்கிறது, வெட்டுண்ட மரம் இருக்கிறது. எழுதியவர் நின்ற இடம் மட்டும் இல்லை. துக்கப்படச் செலவில்லாத தூரம் அது.

யனோமாமி மக்களைப் படமெடுத்த கிளாடியா அந்துஜார், 1980களின் தொடக்கத்தில் தடுப்பூசி போடச் சென்ற மருத்துவர்களோடு போனார். சாலை போடுகிறவர்களும் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுகிறவர்களும் கொண்டுவந்த நோய்கள் அங்கே பரவியிருந்தன. மருத்துவ அட்டைக்காக ஒவ்வொருவரையும் கழுத்தில் எண் மாட்டிப் படமெடுத்தார். கலை என்று நினைத்து எடுத்தவையல்ல. 1992இல் அவர்கள் நிலம் சட்டப்படி வரையறுக்கப்பட்டதில் அவருடைய பல்லாண்டு உழைப்பும் உண்டு.

நமக்குக் கிட்டத்தில் மரக்காணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் போகிறது. நம் கவிஞர் ஜன்னல் வழியே வெள்ளைக் குவியல்களைப் பார்க்கிறார். உடனே படிமம் தயார்: கண்ணீர் உறைந்த நிலம். அதற்குள் ஊர் தாண்டிவிடுகிறது. நானும் இப்படி ஒன்று எழுதியவன்தான்.

அளங்களை அடுத்துக் கிடப்பது கழுவெளி. தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயமாயிற்று. கடலோர இறால் பண்ணைகளை அகற்ற உச்சநீதிமன்றம் 1996இல் உத்தரவிட்டது. 2005இல் அந்தத் தொழிலுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. தங்கச் சுரங்கமல்லதான். கணக்கு அதேதான்: நிலத்தில் குழி, சில வருஷ லாபம், பிறகு கழிவுநீர். இதில் எது நம் கவிதைக்குள் வந்திருக்கிறது?

சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே இடைக்கழிநாட்டுக்காரர். எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊர் மரக்காணமே என்பார்கள். பசித்த பாணன் அவர் சொன்னதை நம்பி நடக்கலாம். நம் கவிதையை நம்பி யாராவது ஒரு வரப்பைத் தாண்ட முடியுமா?

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி அளங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அந்த மாதிரி எழுத்தை ‘வெறும் தகவல்’ என்று ஒதுக்குவது நம் வட்டத்தின் வழக்கம். தகவல் தெரியாதிருப்பது எப்போதிலிருந்து கலைத் தகுதியாயிற்று?

மரக்காணத்தில் ஒரு தரம் இறங்குங்கள். பாத்தித் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். அதற்குப் பிறகும் உப்பு உங்களுக்குக் கண்ணீராகவே தெரிந்தால், எழுதிக்கொள்ளுங்கள்.